நீல வாளி

"மெதுவா, மாப்பிள. இடுப்புக்கு அடியில கையக் கொடுங்க" என்றாள் அத்தை.

மாப்பிள்ளை கையைக் கொடுத்தான். மாமனாரைச் சுவர்ப்பக்கம் புரட்டிப் பிடித்துக்கொண்டால் அத்தை நனைந்த விரிப்பை உருவிவிட்டுப் புது விரிப்பைச் செருகிவிடுவாள். மனிதருக்கு மேலுடம்பு வற்றிப்போய், கால் இரண்டிலும் மட்டும் நீர் கோத்திருந்தது. இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். தூக்குகிறவன் கைக்கு அவர் ஒரு மூட்டைத் துணி போலத்தான் இருந்தார்.

சுவரைப் பார்த்துக் கிடந்தபடியே கேட்டார்.

"மாப்ள, தட்டு வண்டி சீட்டத் தூக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா."

"பூத்திருந்துச்சா?"

"லேசா. சோடாத் தண்ணி ஊத்தி பிரஷ் போட்டுட்டேன்."

"நுரை அடங்குச்சா?"

"அடங்கிருச்சு மாமா."

"சரிங்க மாப்ள" என்றார். சாகக் கிடக்கிற நேரத்திலும் அந்த 'ங்க'வை அவர் விடவில்லை.

எதிரில் ஒரு முகம் இருந்தால் பொய் சொல்வது கஷ்டம். அவர் முகம் சுவர்ப்பக்கம் இருந்ததால் மாப்பிள்ளைக்கு அது சுலபமாக வாய்த்துவிட்டது. அத்தை மட்டும் விரிப்பின் நுனியை இழுத்துவிட்டபடியே, "இந்த நேரத்திலயும் வண்டியா? அவர்தான் பாத்துக்கிறாருல்ல?" என்று புருஷனைக் கடிந்துகொண்டாள். அவர்தான் பாத்துக்கிறாருல்ல. அந்தச் சொல் மாப்பிள்ளையின் முதுகில் வெந்நீர் பட்டதுபோல் சுட்டது.

பூப்பது என்றால் செடி கொடி விவகாரம் இல்லை. கோல்ஃப் ஆட வருகிறவர்களைப் புல்வெளியில் ஏற்றிக்கொண்டு போகிற மின்சார வண்டிகளுக்கு, உட்காரும் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கிற ஆசிட் மூச்சுவிடும். அந்த மூச்சு மேலே படிந்து, ஒயர் மாட்டுகிற முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சைபோலக் கட்டிக்கொள்ளும். விட்டுவைத்தால் அது முனையைத் தின்னும், ஒயரைத் தின்னும், பேட்டரி உட்கார்ந்திருக்கிற இரும்பையும் தின்னும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சீறிக்கொண்டு நுரைக்கும். தேய்க்க வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். நுரை நின்ற பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முனைக்கு வாஸ்லின் தடவ வேண்டும்.

"அது பேசி முடிக்கிற வரைக்கும் ஊத்தணும். அது வாய மூடுச்சுன்னா நாமளும் மூட்டையக் கட்டலாம்" என்பார் மாமனார்.

வேலை பார்த்த மில்லை மூடியதும் பெண்டாட்டியோடு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் மாப்பிள்ளை. வீட்டோடு மாப்பிள்ளை என்கிற பட்டத்தை யாரும் சூட்ட வேண்டியதில்லை, வாசல்படி தாண்டும்போது அதுவே தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மாமனார்தான் கிளப் மேனேஜரிடம் சொல்லி வண்டி ஷெட்டில் சேர்த்துவிட்டார். அங்கே அவனுக்குப் பெயரே கிடையாது. மேனேஜரிலிருந்து வாசல் கூட்டுகிறவள் வரை எல்லோருக்கும் அவன் 'மாப்ள'.

கேலி செய்வதில் முதல் ஆள் ஸ்பானர். வண்டி ரிப்பேர் செய்கிறவன். பிடியில் டேப் சுற்றிய ஒரு ஸ்பானரை எந்நேரமும் இடுப்பில் செருகியிருப்பதால் வந்த பெயர். "உனக்கென்ன மாப்ள, வேலையும் மாமா கொடுத்தது, சோறும் மாமி போடுறது. புகுந்த வீடு நல்ல வீடா அமையிறதுக்கும் கொடுத்துவைக்கணும்" என்பான். ஷெட்டே சிரிக்கும். மாமனார் மட்டும் சிரிக்கமாட்டார், குனிந்து எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தான். பேட்டரியின் மூடிகளைத் திறந்துவைத்துக்கொண்டே சோடாத் தண்ணீரை ஊற்றிவிட்டான். தண்ணீர் உள்ளே போய், ஆசிட்டோடு சண்டைபோட்டுப் பொங்கி வழிந்து, பேட்டரி அதோடு தீர்ந்தது. வேறு எவனாவது செய்திருந்தால் மாமனார் வாயில் என்னவெல்லாம் வந்திருக்குமோ. அவர் பேட்டரியையே உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தப் பேட்டரிக்கு அறிவே கிடையாது" என்றார். பிறகு ஷெட்டின் அந்தக் கோடியைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் ஸ்பானர்! மூடி திறந்திருக்கும்போது எவனாவது சோடாத் தண்ணி ஊத்துவானாடா?"

"நான் எங்க ஊத்தினேன்?"

"ஊத்தலடா. ஊத்திடாதேன்னு சொல்றேன்."

பெண் கொடுத்த இடம். கையை ஓங்க முடியாது, வாயையும் ஓங்க முடியாது. அந்த ஜாடைக்குப் பிறகு அவர் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி வாயே திறந்ததில்லை. சுவரோரம் நிற்கிற வரிசை அவருடையது, வாசலோரம் நிற்கிற வரிசை மாப்பிள்ளையுடையது என்று பிரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு ஆசிட் என்றால் அருவருப்பு. சீட்டைத் தூக்கி, ஒரு காய்ந்த துணியால் மேலுக்குத் துடைத்துவிட்டு மூடிவிடுவான். ஆனால் இரண்டு வரிசை வண்டிகளும் ஒன்றுபோலத்தான் ஓடின. அதனால் நுரையும் பிரஷ்ஷும் வாஸ்லினும் கிழவருக்கு ஒரு பைத்தியம் என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மாமனார், "நீங்க முன்னாடி போங்க மாப்ள, நான் பின்னாலயே வர்றேன்" என்பார். பின்னாலேயே வரமாட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வருவார். வீட்டோடு மாப்பிள்ளையோடு சேர்ந்து தெருவில் நடக்க அவருக்கு வெட்கம் என்று மாப்பிள்ளை நினைத்தான். அந்த நினைப்பு ஒரு முள்போல உள்ளே கிடந்தது. அதனால்தானோ என்னவோ, அவர் சட்டைகளைப் பார்க்கும்போது அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாமனார் சட்டைகள் சல்லடைகள். ஆசிட் துணியில் பட்டால் பட்ட நேரத்தில் ஒன்றும் தெரியாது. சட்டை முழுசாக இருக்கிற மாதிரியே இருக்கும். துவைக்கும்போதுதான் பட்ட இடமெல்லாம் பொத்துப்போகும். அதற்காக அத்தை கொல்லைப்புறக் குழாயடியில் ஒரு நீல வாளி வைத்திருந்தாள். அவர் சட்டைகள் முதலில் அதில் சோடாத் தண்ணீரில் ஊறும். மற்றவர்கள் துணியோடு அவை சேரவே சேராது. மாப்பிள்ளை ஷெட்டில் சேர்ந்த பிறகு கிழவர் சட்டையில் ஓட்டைகள் கூடிப்போயின. "வயசாகுது, கை நடுங்குது" என்றாள் அத்தை. மாப்பிள்ளையின் சட்டையிலோ ஓர் ஊசிமுனை ஓட்டை இருக்காது. அவன் துணி நீல வாளியைப் பார்த்ததே இல்லை. "எங்க வீட்டுக்காரர் வேலையில சுத்தம்" என்று அவன் மனைவி பக்கத்து வீட்டில் சொல்வாள். அவன் காதில் விழாதமாதிரி நின்று கேட்பான்.

கிழவர் படுக்கையில் விழுந்ததும் இரண்டு வரிசையும் மாப்பிள்ளை தலையில் வந்தன. அவனும் இரண்டு வரிசையையும் காய்ந்த துணியால் துடைத்தான். தட்டு வண்டியின் சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் சாமான் ஏற்ற நீளமான பலகைத் தட்டு வைத்த வண்டி அது. எப்போதாவதுதான் வெளியே போகும்.

அன்று காலை அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிற வழியெல்லாம், முதல் வேலையாகத் தட்டு வண்டியைக் கழுவிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனான். கழுவிவிட்டால் பொய் உண்மையாகிவிடும். காலையில் சொன்னது சாயங்காலம் நடந்தது, அவ்வளவுதானே? ஆனால் அன்று கிளப்பில் போட்டி. எல்லா வண்டிகளும் வெளியே ஓடிக்கொண்டிருந்தன. தட்டு வண்டியும் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்பி வரட்டும் என்று சோடா டப்பாவை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தான். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அப்பா போயிட்டாருங்க" என்றாள். பிறகு, "உங்களத்தான் கேட்டாரு" என்றாள்.

"என்ன கேட்டாரு?"

"நீங்க வேலைக்குப் போயாச்சான்னு."

டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓடினான். சோடாவைக் கரைக்காமலேயே அந்த நாள் முடிந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளியூரில் லாரி ஓட்டுகிற மைத்துனன் விடிவதற்குள் வந்து சேர்ந்திருந்தான். அழுது முடித்து, அப்பாவுக்குப் போடச் சட்டை தேடியபோது பீரோவில் ஓட்டையில்லாத சட்டை ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவன் தன் பையிலிருந்த புதுச் சட்டையை எடுத்து அப்பாவுக்குப் போட்டுவிட்டான். தோள் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளை தன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றான். அதன் வெள்ளையில் அவன் கண்ணே கூசியது.

அப்போது இன்னொரு பிரச்சினை வந்தது. இடுகாட்டுக்கு ஏறுகிற மேட்டுத் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பிண வண்டிக்காரன் பாதித் தெருவரைக்கும் வந்து பார்த்துவிட்டு, அகலம் போதாது என்று கையை விரித்துவிட்டான்.

மலர்வளையத்தோடு வந்திருந்த மேனேஜர் அதைக் கேட்டார். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம தட்டு வண்டி சின்ன வண்டிதானே? அது நுழையும். சவப்பெட்டியும் தட்டுல அளவா உக்காரும்" என்றார்.

மைத்துனனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா கை பட்ட வண்டி சார். அதுலயே போகட்டும்."

அத்தை உள்ளேயிருந்து தலையசைத்தாள். "மாப்பிள பாத்து வச்ச வண்டிதான். நேத்துக் காலையிலகூட அவர் கேட்டாரு. எல்லாம் கழுவியாச்சுன்னு மாப்பிள சொன்ன பிறகுதான் கண்ண மூடினாரு."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மெச்சிக்கொள்கிற பார்வை. அவன் கீழே பார்த்தான். யாரோ ஒரு கிழவர், "கொடுத்துவச்ச மாமனார்" என்றார்.

அவனும் ஸ்பானரும் வண்டி எடுத்துவரப் போனார்கள். ஷெட் ஆளற்றுக் கிடந்தது. சார்ஜர்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. அழுகிய முட்டை வாடை லேசாக இருந்தது. தட்டு வண்டி வாசல் வரிசையில், அவன் வரிசையில், கடைசியாக நின்றது.

"பேட்டரியப் பாத்துட்டியா?" என்றான் ஸ்பானர்.

"ம்."

"இல்ல, உன் வரிசை வண்டியாச்சேன்னு கேட்டேன்." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "பெரியவர் இருந்தா நான் கேக்கவேமாட்டேன். நீ கிளம்பினதும் உன் வரிசையில நாலு சீட்டையாவது தூக்கிப் பாக்காம அவர் வீட்டுக்குப் போனதில்ல."

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. "தூக்கிப் பாத்து?"

"பாத்து வேடிக்கையா பாப்பாரு? ஊத்தித் தேய்ப்பாரு. பூத்துப் போனதத் தேய்க்கும்போது மூஞ்சியில சட்டையிலன்னு தெறிக்கும். நான் திட்டுவேன். உங்க மாப்ளகிட்ட ஒரு வார்த்த சொல்றதுதானன்னு. 'எப்படிடா சொல்றது, பொண்ணக் கொடுத்திருக்கோம்'ம்பாரு." ஸ்பானர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "என்னப்பா... உனக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஸ்பானர் கேட்டைத் திறக்கப் போய்விட்டான்.

மாப்பிள்ளை சீட்டைத் தூக்கினான். பூத்திருந்தது. முனைகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாதபடி பூத்திருந்தது. வெள்ளைக் கட்டிகள் பச்சை விளிம்போடு ஒயரின் மேல் ஏறி, ஒரு பேட்டரியிலிருந்து அடுத்ததற்குத் தாவியிருந்தன. ஓரிடத்தில் தடித்த ஒயர் நாலைந்து நரம்பாக மெலிந்து, அதிலும் பாதி கறுத்துக் கிடந்தது. மேலெல்லாம் ஈரக் கசிவு. கிழவரின் கை படாத வாசல் வரிசை எப்படி இருக்கும் என்று அவன் அன்றுதான் பார்த்தான்.

நேற்று விட்டுப்போன சோடா டப்பா காலடியிலேயே இருந்தது. ஆணியில் பிரஷ் தொங்கியது. செய்யலாம். ஆனால் நேரம் பிடிக்கும், ஒயரையும் மாற்ற வேண்டும். சட்டைப்பையில் போன் அடித்தது. மைத்துனன்.

"மச்சான், எங்க இருக்கீங்க? எல்லாரும் எழுந்து நின்னாச்சு. உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

இந்த வண்டி வேண்டாம், தோளில் தூக்கிக்கொண்டு போவோம். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால், அத்தை இப்போதுதானே அத்தனை பேர் முன்னால் சொன்னாள்? எல்லாம் கழுவியாச்சு என்று கேட்ட பிறகுதானே அவர் கண்ணை மூடினார்?

"கிளம்பிட்டோம்" என்றான். சீட்டை இறக்கி வைத்து, அதன்மேல் உட்கார்ந்தான்.

வீட்டு வாசலில் பெட்டியைத் தட்டில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. முழங்கால் வலிக்கு மேடு ஏற முடியாதென்று அத்தை வாசலோடு நின்றுவிட்டாள். பெட்டியின் மேல் கையை வைத்து, "தினமும் லேட்டாத்தான் வருவீங்க. இன்னைக்கு என்ன அவசரம்?" என்றாள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

சமதரையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. சத்தமே இல்லாமல் நடந்து வருகிறவர்கள் வேகத்துக்கு ஊர்ந்தது. பக்கத்தில் மைத்துனன் ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்தபடி நடந்தான். பின்னால் மனைவி, மேனேஜர், ஸ்பானர், தெருக்காரர்கள். போய்விடும் என்று மாப்பிள்ளைக்கு ஒரு நப்பாசை வந்தது. மேடு ஒன்றுதான். அதை மட்டும் ஏறிவிடு, நாளைக்கே உன்னை ஒயர் ஒயராகக் கழற்றிக் கழுவுகிறேன் என்று சீட்டுக்கு அடியில் இருப்பதிடம் கெஞ்சினான்.

தோண்டிய மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் வண்டி ஏறத் தொடங்கியது. முனகியது. தொடைக்கு அடியில் சூடு தெரிந்தது. பிறகு எரிகிற ரப்பர் நாற்றம். 'சடக்'கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. பின்னால் நழுவப் போனதை பிரேக்கை மிதித்துப் பிடித்தான். பெட்டி கயிற்றில் இழுபட்டு லேசாகக் கிரீச்சிட்டது.

"என்னாச்சு மச்சான்?"

யாரோ ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை குதித்து இறங்கி, மற்றவர்கள் வருவதற்குள் சீட்டைத் தூக்கினான். புகை வந்தது. நெஞ்சை பேட்டரிகளின் மேல் சாய்த்துக் கையை உள்ளே விட்டு, வெறும் நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டினான். ஒயரைத் தேடினான். ஒயர் இரண்டாக இருந்தது.

"விடு மாப்ள. கையெடு." ஸ்பானர் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். இழுத்தவன் உள்ளே பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். மைத்துனனும் மேனேஜரும் கிட்டே வருவதற்குள் சீட்டை இறக்கி மூடினான்.

"கிளப்புல நல்ல வண்டியாப் பாத்துக் கொடுத்திருக்கக் கூடாதா?" மைத்துனன் குரல் உடைந்தது. "எங்கப்பா ஆயுசு பூரா உங்க வண்டியத்தானே சார் தொடச்சாரு? அவருக்குன்னு வரும்போது ஒண்ணுகூடவா உருப்படியா இல்ல?"

மேனேஜர் தலைகுனிந்தார். "எங்க தப்புத்தான் தம்பி. நாங்க பாத்திருக்கணும். மன்னிச்சுக்குங்க."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான்.

"பேட்டரிக்கு வயசாயிடுச்சு சார்" என்றான் ஸ்பானர், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி. யாரையும் பார்க்கவில்லை. தோண்டிப்போட்ட மண்ணைப் பார்த்துச் சொன்னான். "இந்தப் பேட்டரிக்கு அறிவே கிடையாது."

ஒரு நொடி, பெட்டிக்குள்ளிருந்து கேட்டதுபோல் இருந்தது மாப்பிள்ளைக்கு.

தள்ளுவது என்று முடிவாயிற்று. "நான் தள்றேன்" என்று அவன் பின்பக்கம் ஓடினான். ஸ்பானர் தடுத்தான்.

"ஸ்டியரிங்க யார் பிடிக்கிறது? குழியில விட்டுடுவாங்க. நீ உக்காரு மாப்ள."

"நீ பிடியேன்."

"நான் தள்ளணும். உக்காரு."

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். மைத்துனன் ஒரு பக்கம், ஸ்பானர் ஒரு பக்கம், நடுவில் கோட்டைக் கழற்றிப்போட்ட மேனேஜர். மெச்சிப் பேசிய கிழவர்கூட ஒரு கை கொடுத்தார். ஏலேலோ என்று யாரும் குரல் கொடுக்கவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி ஏறியது. செத்தவரையும் அவனையும் சேர்த்து ஊரே மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது. கையில் இருந்த ஸ்டியரிங் ஒரு குழந்தைக்குக் கொடுத்த விளையாட்டுச் சாமான் போல லேசாகத் திரும்பியது. ஓரக் கண்ணாடியில் மனைவி தெரிந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தட்டில் ஊன்றி, தலை குனிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். ஒருதரம் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அவன் பாதையைப் பார்த்துக்கொண்டான்.

குழிக்குள் பெட்டி இறங்கும்போது மைத்துனன் அவனை அழைத்து, "நீங்களும் பிடிங்க மச்சான், நீங்களும் அவருக்கு ஒரு புள்ளதான்" என்றான். கயிறு கையை அறுத்தது. நகக்கண்களில் ஆசிட் எரிந்துகொண்டிருந்தது. மண்ணை அள்ளிப் போட்டபோது கொஞ்சம் ஆறியது.

வீடு திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. மேனேஜரும் ஸ்பானரும் வாசலோடு விடைபெற்றுப் போயிருந்தார்கள். போகும்போது ஸ்பானர், "நாளைக்கு வருவேல்ல?" என்று கேட்டான். வழக்கமாகச் சேர்க்கிற 'மாப்ள'வைச் சேர்க்கவில்லை. கேலிக்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

அத்தை கொல்லைப்புறத்தில் எல்லோருடைய அழுக்குத் துணியையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளுக்குத் தெரியாது.

"வண்டி ஒழுங்கா போச்சா?" என்று மகனைக் கேட்டாள்.

"எங்கம்மா! மேட்டுல நின்னுடுச்சு. தள்ளிக்கிட்டுத்தான் போனோம். பேட்டரிக்கு வயசாயிடுச்சாம்."

"அவருக்கும்தான் வயசாச்சு" என்றாள் அத்தை. "காலத்தத் தள்ளிக்கிட்டே ஓடலியா?"

துணிகளை ஒவ்வொன்றாக உதறி வெள்ளை வாளியில் போட்டாள். மகனுடையதில் மண் இருந்தது, மகளுடையதில் மண் இருந்தது. மாப்பிள்ளையின் சட்டையை எடுத்து உதறப் போனவள் நின்றாள். நெஞ்சுப் பக்கத்தை இரண்டு விரலால் நிமிண்டினாள். காய்ந்தும் காயாத ஒரு பிசுபிசுப்பு. மூக்குக்குக் கொண்டுபோனாள். விரல்கள் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கின. ஆயுசு பூரா ஒருவன் சட்டையைத் தடவித் தடவிப் பழகிய விரல்கள் அவை.

மாப்பிள்ளை கொல்லை வாசல்படியில் வெற்றுடம்போடு நின்றான். இங்கிருந்து பார்க்கச் சட்டை வெள்ளையாக, முழுசாகத்தான் இருந்தது.

அத்தை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயடி மூலையில், கிழவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கவிழ்ந்தே கிடந்த நீல வாளியை நிமிர்த்தினாள். உள்ளேயிருந்து ஒரு காய்ந்த இலை விழுந்தது. தண்ணீர் பிடித்தாள். அலமாரியிலிருந்து சோடா டப்பாவை எடுத்து ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கினாள்.

"அம்மா, அது அவரோட சட்டைம்மா" என்றாள் மகள் பின்னாலிருந்து. "அப்பாவோடது இல்ல."

"தெரியும்."

சட்டையை அமுக்கினாள். நெஞ்சுப் பக்கம் மட்டும் மெல்ல மேலே வந்து மிதந்தது. அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக நுரை கிளம்பி, சின்னச் சத்தத்தோடு பேசத் தொடங்கியது. அத்தை குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நுரை நிற்கிற மாதிரித் தெரியவில்லை.

அவள் டப்பாவைச் சாய்த்து இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.